பாடுகிறவருக்கு யார் கூலி கொடுப்பது?

பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவில் வண்டியை நிறுத்துவது ஒரு சாயாவுக்காக. இங்கேயே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வாசகசாலையின் பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டு, வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, நாட்டார் பாட்டுக் கேட்டால் என்ன?

அமெரிக்காவில் இப்படி நடக்கிறது. நியூயார்க் மாநிலத்துச் சரடோகா ஸ்பிரிங்ஸில் லீனா ஸ்பென்சர் 1960இல் திறந்த கஃபே லீனாவில், ஊர் பேர் தெரியாத பாப் டிலன் 1961இல் பாடினார். 1989இல் லீனா இறந்த பிறகு அந்தக் கடை லாப நோக்கமற்ற அமைப்பாக மாறி, தன்னார்வலர்கள் கைகொடுக்க இன்றும் ஓடுகிறது.

கேரளத்துக்கு இதில் புதுமை குறைவு. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். காப்பி வாரியம் தன் கடைகளை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தூண்ட, தொழிலாளர்களே கூட்டுறவு அமைத்து 1958இல் திருச்சூரில் காப்பி ஹவுஸ் திறந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்வது நம் வழக்கம். ஆனால் காப்பி ஹவுஸில் ஊற்றுகிறவர் பங்காளி. அவருக்குச் சம்பளம் உண்டு. வாசகசாலைக் கமிட்டிக்காரர் தன் வேலையை முடித்துவிட்டு வந்து சும்மா கதவைத் திறக்கிறார். பாட்டுக் காப்பிக்கடைக்கு இரண்டு கணக்கும் வேண்டும். நாற்காலி தூக்குகிறவர் தன்னார்வலர், பாடுகிறவர் தொழிலாளி. இதைக் குழப்பிக்கொள்ளும்போதெல்லாம் நஷ்டம் பாடகருக்குத்தான். 'மேடை கிடைத்ததே பெரிது' என்று அவரிடம் சொல்கிறவர்கள் பந்தல்காரரிடம் அப்படிச் சொல்வதில்லை.

அமெரிக்க மாதிரியில் இன்னொரு சிக்கல். அது ஒரு ஆளும் ஒரு கிதாரும் வந்தால் போதும் என்று அமைந்தது. நம் தெற்குத் திருவிதாங்கூர்ப் பாட்டு அப்படியில்லை. வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையை வில்லில் பாட வில், உடுக்கை, குடம், தாளம் என்று ஒரு குழுவே வர வேண்டும். கோயில் கொடையில் சோறும் சம்பளமும் பெற்று விடிய விடியப் பாடுகிறவர்களை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டாலும் ஐந்தாறு பேரின் ஒருநாள் கூலி போகும். அறுபது பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் ஆறாயிரம். முதலில் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சுக்கும் கருப்பட்டியும் வாங்க வேண்டும்.

இங்குள்ள மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் சாற்றுப்பாட்டையும் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்குத் தயக்கம். அவர்களின் வைத்தியரான பிலாத்தி, கொக்கறை என்ற இரும்புக் கருவியை உரசி இரவு முழுக்கப் பாடுவது நோயாளிக்காக. அதில் இருபது நிமிடத்தை நறுக்கிக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பதை ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும்.

அனுமதி கேட்பதன் மதிப்பு இந்தப் பக்கத்துக்குத் தெரியும். 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிகள் ஒரு பழத்தைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஜீவனி மருந்தை உருவாக்கியது. 1995இல் பத்து லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் போனது. பாதி காணிகளுக்கு என்று முடிவு. அவர்களின் அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது. பணம் கைக்கு வர 1999 ஆனது. காணிகள் எல்லாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை என்ற மனக்குறையும் எழுந்தது. ஒரு பழத்தின் கணக்கே இவ்வளவு இழுத்தது. பாட்டுக்கோ, ஒப்பந்தம் எழுதும் பழக்கம்கூட நம்மிடம் கிடையாது. கைப்பேசியில் பதிவு செய்து போட்டுவிடுகிறோம். நுழைவுச் சீட்டுக்கு முன்பே எழுத வேண்டியது அந்த ஒரு பக்கத் தாள்: யார் பதிவு செய்யலாம், எங்கே போடலாம், அதில் காசு வந்தால் யாருக்கு.

ஆள்பலத்துக்கு, இங்குள்ள அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியை இணைப்பார்கள், சுவரொட்டி வரைவார்கள், டம்ளரும் கழுவுவார்கள். பட்டம் வாங்கியதும் போய்விடுவார்கள். அதனால் சாவி மட்டும் வாசகசாலைச் செயலாளரிடமே இருக்கட்டும். கடைசி பஸ் எப்போது டிப்போவை விட்டுக் கிளம்பும், எந்தப் பாட்டோடு நிறுத்தினால் பாடகர் அதைப் பிடிப்பார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.