விலை கொடுத்தும் உரிமையில்லை

மதுரங்குளியில் நம் மாணவன் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். அலமாரியில் காற்பந்து விளையாட்டு இறுவட்டொன்று உறையோடு பத்திரமாக இருந்தது. கட்டாரில் தொழில் புரியும் தமையன் அனுப்பியது. வெள்ளி இரவுதோறும் அவன் அங்கிருந்தும் இவன் இங்கிருந்தும் இணைய வழியே ஆடுவார்களாம். "இப்ப ஏலாது சேர், கொம்பனிக்காரன் நிப்பாட்டிட்டான்" என்றான் பையன். இறுவட்டில் ஒரு கீறல் இல்லை, இயந்திரத்திலும் பழுதில்லை.

தூர இருக்கும் இருவர் ஆடுவதற்கு, வெளியீட்டாளரின் கணனியொன்று இடையே நின்று அவர்களை இணைக்க வேண்டும். அதற்கு மின்சாரம், பராமரிப்பு, ஆட்சம்பளம் எனச் செலவுண்டு. ஆடுவோர் தொகை குறைந்ததும் அணைத்துவிடுகிறார்கள். வியாபாரி என்றென்றும் விளக்கெரிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை.

ஆனால் தனியே ஆடுபவனையுமல்லவா வெளியே தள்ளுகிறார்கள்! 2014இல் வெளிவந்த 'தி குரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டைப் பிரான்ஸின் யூபிசொஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியது. ஒருவர் தனியே ஆடுவதற்கும் நிறுவனத்தின் கணனியோடு தொடர்பு வேண்டுமென்றே அது ஆக்கப்பட்டிருந்தமையால், விலை கொடுத்தவர் கையில் வெறுந்தகடே மிஞ்சிற்று. இதன்பின் ரொஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இயக்கம் வளர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டங்கோரும் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். கலிபோர்னியாவிலோ, பின்னர் பறிபோகக்கூடிய உரிமத்தை 'வாங்குக' என்றெழுதி விற்பவர், அது வெறும் உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்ற சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டந்தான், ஆயினும், பறிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பறிக்கலாம் என்றாகிறது.

வழியில்லாமலும் இல்லை. 1993இல் வந்த 'டூம்' விளையாட்டின் மூலநிரலை ஆக்கியோரே 1997இல் வெளியிட்டனர். இன்றும் அதை ஆடுகிறார்கள். 'நொக்அவுட் சிற்றி' 2023 ஜூனில் நிறுத்தப்பட்டபோது, ஆடுவோர் தம் கணனியிலேயே நடத்திக்கொள்ளத்தக்க பதிப்பொன்று இலவசமாக வழங்கப்பட்டது. யூபிசொஃப்ட்டும் 'தி குரூ 2'க்கு இணையமின்றி ஆடும் வசதியை 2025இல் செய்து கொடுத்தது. கடையை மூடுபவன் திறப்பையாவது தந்துவிட்டுப் போகலாமன்றோ?

நம் மாணவன் ஒருவகையில் பாக்கியசாலி. ஒரே அறையில் அருகருகே அமர்ந்து இருவர் ஆடினால் அவனுடைய இறுவட்டு இன்னும் இயங்குகிறது. தமையனுக்கு விடுமுறை சித்திரையில்.