மறையாக்கம் காக்காத திரை

தொலைவிலுள்ள கணினியில் ஓடும் வரைகலை நிரல் ஒன்றை எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு இணைப்பின் வழியாகத் தம் திரையில் வரவழைத்துப் பயன்படுத்துவோரிடையே, அந்த இணைப்பு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் இந்த ஏற்பாடு பாதுகாப்பானது என்ற எண்ணம் ஏறக்குறைய கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலவுகிறது. கட்டளையோடு '-எக்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும் என்று புதியவர்களுக்குக் கற்றுத்தரும் மூத்தவர்களும் பயிற்சிக் குறிப்புகளும், அதனால் எது யாருக்குத் திறந்துவிடப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மறையாக்கம் காப்பது இரு கணினிகளுக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே. வழியின் மறுமுனையில் அதிகாரத்தோடு இருப்பவரிடமிருந்து அது எவரையும் காப்பதில்லை, காக்கும் என்று அதை வடிவமைத்தவர்கள் வாக்களித்ததும் இல்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. எக்ஸ் சாளர முறைமை 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில், அத்தீனா திட்டத்தின் சூழலில், பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் முதலியோரின் முயற்சியால் உருவானது. இன்றுவரை நீடிக்கும் அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை ஆளும் எக்ஸ் சர்வர் பயனரின் மேசைமேல் உள்ள கணினியில் ஓட, சாளரம் வரைந்து தரும்படி அதனிடம் கேட்கும் பயன்பாட்டு நிரல்கள், அதாவது கிளையன்ட்கள், வலையமைப்பின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்பதே அந்த முறைமையின் அடிப்படை. தொடக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையிலான உரையாடல் 6000ஆம் எண் துறை வழியே எவ்வித மறைப்பும் இன்றிப் பட்டவர்த்தனமாகச் சென்றது; யாரை அனுமதிப்பது என்பதையும் 'எக்ஸ்ஹோஸ்ட்' என்ற கட்டளை ஆள்வாரியாக அல்லாமல் கணினிவாரியாகவே தீர்மானித்தது, பொறுமையிழந்தவர்கள் அதனோடு ஒரு கூட்டல் குறியைத் தட்டி உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்துவைத்தார்கள். தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து யூலொனென் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதி வெளியிட்டபோது, எக்ஸ் உரையாடலையும் அதே மறையாக்க இணைப்புக்குள் செலுத்தும் வசதியைச் சேர்த்தது மிகப் பெரிய முன்னேற்றம். இடையில் இருந்து கேட்பவரின் காது அடைக்கப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது, அதற்குமேல் நடந்ததாகக் கருதுவதில்தான் பிழை தொடங்குகிறது.

எக்ஸ் முறைமையின் கட்டமைப்பில், ஒரே திரையை நாடும் கிளையன்ட்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று நம்பத்தக்கவை என்பது எழுதப்படாத விதி. உள்ளே அனுமதிக்கப்பட்ட எந்த நிரலும் திரை முழுவதையும் படமாகப் பிடிக்கலாம். வேறொரு நிரலின் சாளரத்தில் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் கவனிக்கலாம். நகலெடுத்து வைத்திருப்பதைப் படிக்கலாம். 'எக்ஸ்டெஸ்ட்' என்ற நீட்டிப்பைக் கொண்டு, பயனரே தட்டியது போல விசைகளைத் தட்டிக் கட்டளைகளை இயக்கவும் செய்யலாம். இவற்றுள் எதற்கும் மென்பொருளில் ஓட்டை தேட வேண்டியதில்லை, ஏனெனில் இவையெல்லாம் நெறிமுறை வெளிப்படையாக வழங்கும் வசதிகள். திரைப்பிடிப்புக் கருவிகளும் குறுக்குவிசை நிரல்களும் இவற்றை நம்பியே பிழைக்கின்றன. வழிநெடுகக் காவலோடு அழைத்துவரப்பட்ட விருந்தினர் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா அறைகளின் சாவியையும் கையில் பெறுகிறார் என்றால், வழியில் இருந்த காவலைப் புகழ்வதில் என்ன பயன்? முறைமையை ஆக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எக்ஸ்டெர்ம் என்ற பழைய முனைய நிரலில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சுட்டியின் இடப்பொத்தானைச் சொடுக்கினால் விரியும் பட்டியலில் 'செக்யூர் கீபோர்ட்' என்றொரு வரி இன்றும் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் விசைப்பலகை முழுவதும் அந்தச் சாளரத்துக்கே கட்டுப்பட்டு, அதன் அடையாளமாக எழுத்தின் நிறமும் பின்புலத்தின் நிறமும் இடம் மாறிக்கொள்கின்றன. கடவுச்சொல் தட்டும் சில நொடிகளுக்காவது மற்ற நிரல்களின் பார்வையிலிருந்து ஒதுங்க வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் இந்த வரியை, அன்றாடம் எக்ஸ்டெர்மைத் திறப்பவர்களிலேயே எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது.

இனி இணைப்பின் மறுமுனைக்குச் செல்லலாம். பயனர் எஸ்எஸ்எச் வழியே எக்ஸ் வசதியோடு நுழைந்ததும், தொலைக்கணினியில் உள்ள எஸ்எஸ்எச் சர்வர் வழக்கமாகப் பத்தாம் எண்ணில் தொடங்கும் பொய்த்திரை ஒன்றை உருவாக்கி, 6010ஆம் துறையில் காத்திருந்து, அங்கு வரும் வரைவுக் கோரிக்கைகளைப் பயனரின் கணினிக்கு அனுப்புகிறது. அந்தத் திரையை அணுகுவதற்கான அனுமதிச் சீட்டு 'குக்கி' எனப்படும் 128 பிட் இரகசிய எண். அது பயனரின் இல்லக் கோப்புறையில், அவர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பில் எழுதப்படுகிறது. எஸ்எஸ்எச் உண்மையான குக்கியைத் தொலைக்கணினிக்கு அனுப்பாமல் போலி ஒன்றை உண்டாக்கி அனுப்பி, கோரிக்கை திரும்பி வரும்போது பயனரின் கணினியிலேயே அதை உண்மையானதாக மாற்றிக்கொள்கிறது என்பதை இந்த ஏற்பாட்டின் ஆதரவாளர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுவதுண்டு. நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் இணைப்பு உயிரோடு இருக்கும் வரை போலிக் குக்கியும் அசலுக்கு நிகராகவே வேலை செய்கிறது. அதைப் படிக்க முடிந்தவர் பத்தாம் எண் திரையைத் தம் நிரலுக்குச் சுட்டிக்காட்டினால் போதும், பயனரின் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். கோப்பின் அனுமதிகள் சக பயனர்களைத் தடுக்கும், ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் பெற்றவரைத் தடுக்காது. எஸ்எஸ்எச்சின் பரவலான செயலாக்கமான ஓபன்எஸ்எஸ்எச்சின் கையேடே, கோப்பு அனுமதிகளை மீறவல்லவர்கள் பயனரின் திரையை அணுகவும் விசைத் தட்டல்களைக் கண்காணிக்கவும் முடியும் என்று எச்சரித்து, இந்த வசதியைக் கவனத்தோடு பயன்படுத்தச் சொல்கிறது.

தொலைக்கணினி நம்பிக்கைக்குரிய நிறுவனத்துடையது, ஆகவே அச்சமில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. நிறுவனத்தை நம்புவது வேறு. நூற்றுக்கணக்கானோர் நுழைந்து வெளியேறும் பொதுக் கணினி ஒன்றில் ரூட் அதிகாரம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்திருப்பது வேறு. ஆய்வுக்கூடக் கணினியில் வரைபடம் ஒன்றைப் பார்ப்பதற்காக நுழைபவர், அங்குள்ள தம் கோப்புகளை மட்டுமே பணயம் வைப்பதாக நினைக்கிறார். உண்மையில் அதே நேரத்தில் தம் மடிக்கணினியின் வேறொரு சாளரத்தில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கையும் அலுவலக மின்னஞ்சலையும் சேர்த்தே வைக்கிறார். தாக்குதல் சர்வரிலிருந்து பயனரை நோக்கித் திரும்பிப் பாய்கிறது என்பதால்தான் இது எளிதில் புலப்படுவதில்லை.

இன்னும் தேர்ந்தவர்கள், '-எக்ஸ்' விருப்பம் கட்டுப்பாடுள்ளது, '-ஒய்' என்ற மற்றொரு விருப்பமே கட்டற்றது என்று வாதிடுவார்கள். 1996இல் எக்ஸ் முறைமையில் சேர்க்கப்பட்ட 'செக்யூரிட்டி' நீட்டிப்பு, கிளையன்ட்களை நம்பத்தக்கவை, நம்பத்தகாதவை என இரண்டாகப் பிரித்து, பின்னவை முன்னவற்றின் சாளரங்களைத் தொடாதபடி தடுக்கிறது. 2004இல் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் 3.8 முதல் '-எக்ஸ்' இந்த இரண்டாம் வகையையே கேட்கிறது. ஏட்டளவில் வாதம் சரியே. நடைமுறையிலோ, பல நிரல்கள் அந்தக் கட்டுப்பாட்டின்கீழ் முறிந்து விழுவதால், லினக்ஸ் வகைகளான டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் கட்டற்ற வகையையே இயல்பாக அமைத்துவிட்டன. அங்கே இரண்டு எழுத்துகளுக்கும் வேறுபாடே இல்லை. கட்டுப்பாடு நடைமுறையில் இருந்த இடங்களிலும் அது உறுதியாக நிற்கவில்லை: நம்பத்தகாத அனுமதிக்கு விதிக்கப்பட்ட காலக்கெடு முடிந்தபின் வரும் இணைப்புகள் தடுக்கப்படுவதற்குப் பதிலாக எந்தக் கட்டுப்பாடுமின்றி ஏற்கப்படக்கூடிய பிழை 2015இல் திருத்தப்பட்டது, எக்ஸ் சர்வரில் அந்த நீட்டிப்பு அணைக்கப்பட்டிருந்தால் எஸ்எஸ்எச் ஓசையின்றிக் கட்டற்ற வகைக்கு மாறிக்கொண்ட பழக்கம் அதற்கு அடுத்த ஆண்டில்தான் நீக்கப்பட்டது. பூட்டு பழுதானால் கதவு திறந்துகொள்ளும் அமைப்பை நம்பிப் பல்லாண்டுகள் கழிந்திருக்கின்றன.

எக்ஸுக்கு மாற்றான வேலண்ட் வந்துவிட்டதால் இந்தப் பேச்சு பழங்கதையாகிவிட்டது என்போரும் உளர். ஒரு நிரலின் விசைகளை மற்றொன்று கேட்க முடியாதபடி பிரித்துவைக்கும் அந்தப் புதிய நெறிமுறை இடர்ப்பாட்டை உண்மையிலேயே பெருமளவு குறைக்கிறது. எனினும் எஸ்எஸ்எச் வழியே வரும் எக்ஸ் நிரல்கள் அங்கும் எக்ஸ்வேலண்ட் என்ற இடைநிலை எக்ஸ் சர்வரையே அடைகின்றன. அதே சர்வரை நாடும் மற்ற பழைய நிரல்கள் முன்போலவே அவற்றின் கண்ணெதிரே இருக்கின்றன.

வசதியையே கைவிட வேண்டும் என்பது இந்தக் கண்டனத்தின் உட்பொருள் அன்று. அமைப்புக் கோப்பில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக எக்ஸ் அனுப்புதலை இயக்கிவைக்கும் பழக்கம்தான் முதலில் ஒழிய வேண்டியது, ஏனெனில் வெறும் கட்டளை வரிக்காக நுழையும் இடங்களுக்கும் அது திரையைத் தேவையின்றித் திறந்துகொடுக்கிறது. வரைகலை தேவைப்படும் இடத்தில், செஃபிர் போன்ற உட்திரை ஒன்றைத் தனியே திறந்து, தொலை நிரல்களுக்கு அதை மட்டுமே காட்டலாம். விஎன்சி, எக்ஸ்ப்ரா போன்ற தொலைத்திரைக் கருவிகளை எஸ்எஸ்எச்சுக்குள் செலுத்துவது அதைவிட எளிது: அவற்றில் எக்ஸ் சர்வரே தொலைக்கணினியில் இருப்பதால், பயனரை வந்தடைவது அந்தத் திரையின் படம் மட்டுமே. பல சிறு கோரிக்கைகளுக்கு விடை வரும்வரை காத்திருக்கும் எக்ஸ் நிரல்களின் தாமதமும் இதனால் குறைகிறது. பாதுகாப்பைப் பற்றி வாய் திறக்காதவர்களும் அந்தத் தாமதத்தைப் பற்றி ஓயாமல் குறைபடுவதால், இந்த ஒரு காரணத்துக்காகவாவது அவர்கள் மாறக்கூடும். எனினும் எக்ஸ்ப்ராவில் திரைப்படத்தோடு இரு கணினிகளின் கிளிப்போர்டுகளும் இயல்பாகவே இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், கடவுச்சொற்களை நகலெடுத்து ஒட்டும் வழக்கமுள்ளவர்கள் இணைப்பைத் தொடங்கும்போதே கிளிப்போர்டுப் பகிர்வை அணைத்துவைக்க வேண்டும்.