மண்வெட்டிப் படிப்பு

கணக்கில் தவறிய மாணவனைப் பார்த்து, "நீ படித்தது போதும், போய் மண்வெட்டி பிடி" என்று ஒரு தடவையேனும் சொல்லாத ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் அரியர். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையன்று, பல தடவை. அவ்வாறு நான் சொல்லக் கேட்ட மாணவருள் ஒருவன் பின்னர் பெற்றோருடன் கனடா சென்றான். அங்கே பொறியியற் பட்டம் பெற்று, வான்கூவர் நகரில் நல்லதோர் உத்தியோகத்திலும் அமர்ந்தான். 2021 ஆம் ஆண்டு பங்குனி மாத முடிவில் அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "சேர், நீங்கள் அன்று சொன்னது பலித்துவிட்டது. மண்வெட்டி பிடிக்கப் போகிறேன். அதற்குக் கட்டணமும் கட்டிவிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் தொலைபேசியில் அழுதார். "மாஸ்ரர், நீங்கள் சொன்னால் கேட்பான், ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ" என்றார். நானும் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆயினும் சொல்வதன் முன், அவன் போகும் இடம் எத்தகையது என்று அறிந்துகொள்ள விரும்பிக் கேள்விகள் சில எழுதினேன். அவன் பதில் எழுதினான். அப்பதில்கள் ஆறு மாதம் வாரந்தோறும் வந்தன. சொல்ல நினைத்த சொல் சொல்லப்படவேயில்லை.

அவன் சென்றது பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் உள்நாட்டு மலைப்பகுதியில் உள்ள ஒரு பண்ணை. பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கே கற்பிக்கப்படுவது பெர்மாகல்ச்சர்; 'நிலைபேற்று வேளாண்மை' என்று தமிழிற் சொல்லலாம். நிலத்தையும் நீரையும் மரத்தையும் வீட்டையும் ஒன்றுக்கொன்று உதவுமாறு ஒழுங்குசெய்து, வெளியிலிருந்து வாங்குவதைக் குறைத்து வாழும் முறை இது. இதனை வகுத்தவர் இருவர்: அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவைச் சேர்ந்த பில் மொலிசன் என்னும் ஆசிரியரும், டேவிட் ஹொம்கிரென் என்னும் இளம் மாணவரும். மொலிசன் 15 வயதிற் பள்ளியை விட்டு, வீட்டு வெதுப்பகத்தில் வேலை செய்து, மீன்பிடித்து, காட்டில் அலைந்து, பின்னரே பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனவர். இருவரும் சேர்ந்து எழுதிய முதல் நூல் 1978 இல் வெளிவந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் கையொப்பமிட்ட நூல் என்பதனால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பற்று உண்டு.

இத்துறையில் எங்கும் நடைபெறும் பாடநெறி 72 மணித்தியாலங்களைக் கொண்டது. இரண்டு வாரத்திற் படித்து முடித்துச் சான்றிதழ் பெறலாம். என் மாணவன் சேர்ந்ததோ ஆறு மாதப் பயிற்சி. கூலி கிடையாது; உணவும் உறைவிடமும் மாத்திரம். சேர்ந்தோர் பன்னிருவர். இரண்டாம் வாரத்தில் மூவர் வீட்டுக்குப் போய்விட்டனர். கட்டணமும் கட்டிக் கூலியின்றி உழைப்பது முறைதானா என்று நான் கேட்டேன். "முதல் இரண்டு மாதம் எங்களால் பண்ணைக்கு நட்டம், சேர். நான் உடைத்த கோடரிப் பிடிகள் நான்கு" என்று பதில் வந்தது. அப்பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை, இன்றும் தரவில்லை.

அங்கே பொழுது அடுப்போடு விடிகிறது. சித்திரையிலும் அங்கு இரவில் நீர் உறையும். விறகு அடுக்குவதும் அடுப்பு மூட்டுவதும் முறை வைத்துச் செய்யும் கடமை. அந்த அடுப்பை 'ராக்கெட் அடுப்பு' என்கிறார்கள். கைப்பெருவிரல் தடிப்புள்ள சுள்ளிகளை நிறுத்திவைத்து எரிக்க, தீ பக்கவாட்டில் இழுபட்டு, சூடு காக்கும் ஒரு செங்குத்துக் குழாயில் ஏறும். அவ்விடத்து வெப்பத்தினால் புகையே எரிந்துபோகும். எஞ்சும் சூடான காற்று, கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய நீண்ட திண்ணையின் உள்ளே குழாய் வழியாகச் சென்று வெளியேறும். திண்ணை அச்சூட்டை உறிஞ்சி வைத்து இரவெல்லாம் மெல்ல மெல்லத் தரும். மாலையில் எரித்த ஒரு கட்டுச் சுள்ளியின் வெதுவெதுப்பு மறுநாட் காலையிலும் அத்திண்ணையில் இருக்குமாம். பட்டதாரிகள் ஒன்பது பேர் அதன்மேல் வரிசையாக அமர்ந்து கஞ்சி குடிக்கும் காட்சியை எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

கஞ்சிக்குப் பின் அன்றைய வேலை பங்கிடப்படும். பட்டுப்போன மரங்களை வெட்டி, பட்டை உரிப்பது ஒரு குழுவுக்கு. பட்டையோடு விட்டால் ஈரமும் பூச்சியும் அதனுள் தங்கி மரம் விரைவில் உளுத்துப்போகும். மான் புகாதபடி வேலி அடைப்பது ஒரு குழுவுக்கு. மலைச்சரிவில் மழைநீர் ஓடிவிடாமல் மட்டக்கோட்டில் வாய்க்கால் வெட்டுவது மற்றொன்றுக்கு. மட்டம் பார்க்க அவர்கள் விலையுயர்ந்த கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. ஒத்த நீளமான இரண்டு கழிகளை உச்சியிற் கட்டிக் கால்களை விரித்து, குறுக்கே ஒரு சட்டம் அடித்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுவார்கள். நூல் சட்டத்தின் நடுக்குறியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. இருசமபக்க முக்கோணியின் உச்சியிலிருந்து அடிக்கு இறக்கும் செங்குத்து அடியை இருகூறிடும் என்பதை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகின்றேன். அதனைக்கொண்டு மழையை மறிக்கலாம் என்று எந்த மாணவனுக்கும் நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

இன்னொரு கடமையைப் பற்றி அவன் தாயாருக்கு எழுதவில்லை, எனக்கு எழுதினான். அப்பண்ணையிற் கழிப்பறைக்கு நீர் கிடையாது. வாளி, அதன்மேல் மரத்தூள். நிறைந்த வாளியை முறைப்படி ஒருவர் சுமந்து சென்று தனிக் குவியலிற் கொட்டி, வைக்கோலால் மூடி, வாளியைக் கழுவி வைக்கவேண்டும். குவியல் இரண்டு வருடம் கிடந்து மக்கிய பின்னர் மரங்களின் அடிக்குப் போகும். மரத்தூள் போதிய அளவு இட்டால் நாற்றம் இல்லை என்கிறான். முதல் நாள் தன் கை நடுங்கியது நாற்றத்தினால் அன்று என்றும் எழுதியிருந்தான். எங்கள் பட்டினத்திலும் வாளிக் கக்கூசுகள் இருந்த காலத்தை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்வாளிகளை யார் சுமந்தனர், அவர்களுக்கு எந்த வீட்டின் எந்த வாசல் திறந்திருந்தது என்பதை வாசகர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே அவ்வேலைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. பண்ணைக்காரரின் பெயரும் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

ஆனி மாத முடிவில் அம்மாநிலத்தை வெப்ப அலை தாக்கியது. லிட்டன் என்னும் சிற்றூரில் 2021 யூன் 29 இல் 49.6 பாகை செல்சியசு பதிவாயிற்று. கனடா முன்னொருபோதும் காணாத வெப்பம். மறுநாள் அவ்வூரின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. பண்ணையிலும் 40 பாகையைத் தாண்டிற்று. அங்கே மரக்குற்றிகளைக் குவித்து, கிளையும் சருகும் இட்டு, மண்ணால் மூடிய மேடைகளிற் பயிர் வைப்பார்கள். உள்ளே உளுக்கும் மரம் கடற்பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும் என்பது கொள்கை. மாணவர் தாமே வியர்வை சிந்திக் கட்டிய புதிய மேடையில் இருந்த இலைக்கறியெல்லாம் மூன்று நாளிற் கருகிவிட்டது. ஐந்து வருடம் முன்னர் கட்டிய மேடையிற் பூசணியும் அவரையும் தலை சாய்ந்து, இரவில் மீண்டும் நிமிர்ந்தன. புதிய மரம் நீரைப் பிடிக்காது. உளுக்கத் தொடங்கும் மரம் முதல் வருடங்களில் மண்ணின் நைதரசனையும் தானே இழுத்துக்கொள்ளும். "புத்தகத்தில் ஒரு வரியாக இருந்ததுதான், சேர். நாங்கள் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம்" என்று எழுதினான்.

அக்கடிதம் வந்தபோது எங்கள் நாட்டில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் இயற்கை வேளாண்மைக்கு மாறவேண்டும் என்பது கட்டளை. என் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் எழுபது வயதானவர். "உங்கள் பொடியன் இதைத்தானே கனடாவிற் படிக்கிறான், யூரியா இல்லாமல் வெங்காயத்துக்கு என்ன போடுகிறது என்று கேட்டுச் சொல்லும்" என்று வேலிக்கு மேலால் என்னைக் கேட்டார். கேட்டேன். தனக்குத் தெரியாது என்று அவன் எழுதினான். யூரியாவுக்குப் பழகிய மண்ணை மாற்ற ஐந்து வருடம் வேண்டும். ஐந்து வாரத்தில் மாற்றும் வித்தை இங்கே எவரும் கற்பிக்கவில்லை என்றான். அந்தப் போகம் பெரியவருடைய வெங்காயம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. தடை நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் அவர் அடகு வைத்த நகை மீளவில்லை.

இயற்கை வேளாண்மை பிழை என்று இதனாற் சொல்வதற்கில்லை. எங்கள் சுண்ணாம்புக்கற் கிணறுகள் பலவற்றின் நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்து நிற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; தோட்டத்துக்கு அளவின்றி இட்ட உரம் அதற்கொரு முக்கிய காரணம். மாறத்தான் வேண்டும். வர்த்தமானியில் ஒரு பக்கம் அச்சிட்டு மாறுவதற்கும், விடியலில் எழுந்து வாளி சுமந்து மாறுவதற்கும் உள்ள தூரத்தை என் மாணவனுடைய கடிதங்கள் எனக்கு அளந்து காட்டின.

இத்தகைய பேச்சு எழும்போது, "இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்ததுதான்" என்று மீசையை முறுக்குவோர் நம்மிடையே உண்டு. உண்மை இல்லாமலில்லை. எப். எச். கிங் என்னும் அமெரிக்க மண்ணியல் அறிஞர் 1909 இல் சீனம், கொரியா, யப்பான் நாடுகளின் வயல்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1911 இல் வெளிவந்தது. 'நிலையான வேளாண்மை' என்ற தொடர் அதன் தலைப்பிலேயே உண்டு. குளிக்கும் நீர் வாழைக்குப் பாயுமாறு கிணற்றடி அமைத்ததும், வேலியிற் பூவரசும் கிளுவையும் நட்டுக் குழை வெட்டித் தாழ்த்ததும், வேலிக்கும் கூரைக்கும் பயன்பட்டு முடிந்த பனையோலையைத் தோட்டத்திற் புதைத்ததும் எம்மவரே. ஆனால் முன்னோருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததாகிவிடுமா?

இந்தக் கேள்வியை எழுப்பியவனும் அவன்தான். பயிற்சி முடிந்த பின் அவன் வான்கூவருக்கு வெளியே ஒரு சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வாரத்தில் மூன்று நாள் பொறியியலாளனாகவும் நான்கு நாள் தோட்டக்காரனாகவும் இருக்கிறான். தாயார் இப்பொழுது அழுவதில்லை. கத்தரிக்காய்ப் படம் அனுப்புகிறார். சென்ற மாதம் அவன் எழுதினான்: "சேர், உங்கள் ஐயா தோட்டத்திற் பனையோலை தாழ்த்தவர் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னீர்கள். எத்தனை அடி ஆழம்? ஓலையை எப்படி அடுக்குவது? எந்த மாதம்?"

என் தந்தையார் பத்துப் பரப்புத் தோட்டத்தில் உழைத்தே என்னைப் பட்டதாரியாக்கினார். அவர் ஓலை தாழ்க்கும் நாட்களில் நான் உள்ளே இருந்து படித்துக்கொண்டிருந்தேன். அவர்தாம் படிக்கச் சொன்னவர். அவர் போய்ப் பதினொரு வருடமாகிறது. தோட்டம் தரிசாகக் கிடக்கிறது.

பக்கத்துப் பெரியவரிடம் போய், குறிப்புப் புத்தகமும் பேனாவுமாக நின்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"வாத்தியார், இது எழுதிக்கொண்டு போகிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய மண்வெட்டியோடு வாரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொட்டிலில் தேடினேன். தந்தையாரின் மண்வெட்டி இருந்தது. பிடி இல்லை, கறையான் தின்றுவிட்டது. நாளை சந்தைக்குப் போகவேண்டும்.