போர்க் களஞ்சியமும் றப்பர்த் தோட்டமும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி அறிய விரும்பும் மாணவன், இன்று ஒரு நிமிடத்தில் அதனை அறிந்துகொள்கிறான். எப்போது கட்டப்பட்டது, எத்தனை தொன் நிறையுடையது, யார் அதன் தளபதி என்னும் செய்திகள் யாவும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவன் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. அதே ஏப்ரல் மாதத்தில் எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ பால் வெட்டிய ஒரு தொழிலாளி என்ன கூலி பெற்றான், கூப்பனுக்கு எவ்வளவு அரிசி பெற்றான் என்று அவன் கேட்பானாயின், விடை அத்துணை எளிதிற் கிடைப்பதன்று. கப்பல் போரில் ஈடுபட்டது. ஆகவே அது வரலாறு. தொழிலாளி போரில் ஈடுபடவில்லையா?

கலைக்களஞ்சியம் ஆக்கும் பணி தமிழர்க்குப் புதிதன்று. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. ஏறக்குறையத் தனிமனித உழைப்பாலேயே எழுந்த மாளிகைகள் அவை. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் அறிஞர் குழு ஒன்றின் ஆக்கம். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவோ வேறு வகையினது. அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதல்வராகக் கொள்ளத்தக்க இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், தொழிலாற் கட்டடக்கலைஞர், வளைகுடா நாட்டில் பணி புரிந்துகொண்டே ஓய்வு நேரத்திற் கட்டுரைகளை எழுதிக் குவித்தவர். 2017இல் அக்களஞ்சியம் நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. அதில் எழுதப் பட்டம் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை, ஆதாரம் மட்டுமே வேண்டும்.

இத்தகைய கூட்டுமுயற்சியில் ஆர்வலர் மிகுதியாகத் திரண்ட துறைகளுள் ஒன்று போர் வரலாறு. ஆங்கில விக்கிப்பீடியாவில் போர் வரலாற்றுக்கென்றே ஒரு தனித்திட்டம் இயங்குகிறது. அதன் பங்காளர் தமக்குள் ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர்; கட்டுரைகளை ஒருவருக்கொருவர் படித்துத் திருத்துகின்றனர்; தரம் பிரிக்கின்றனர். இவ்வொழுங்கு போற்றத்தக்கது. எனினும், எழுதுவோர் யாருக்கு எதில் ஆர்வமோ அதுவே களஞ்சியத்தில் நிறைந்துவிடும் என்பதும் உண்மை. போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படும். அக்கப்பலின் விமானச் சில்லுக்கு றப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார் குறைவு.

தமிழில் ஒரு போர் வரலாற்றுக் களஞ்சியம் திட்டமிட்டு வளர்க்கப்பட வேண்டும் என்பது நமது விருப்பம். அதன்கண் இடம்பெற வேண்டியவற்றுள் ஒரு பகுதியை எழுதத் தகுதியுடையோர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் அவர்தம் மாணவருமே என்பது நமது துணிபு.

சப்பிரகமுவ என்றதும் சீதாவாக்கை அரசரையும், போர்த்துக்கேயரின் மெனிக்கடவரைக் கோட்டையையும் நினைவு கூர்வர். அவை ஓரளவு எழுதப்பட்டனவே. அவற்றை விடுத்து இரண்டாம் உலகப் போருக்கு வருவோம்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை றப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வீச்சில் நேச நாடுகளின் கையை விட்டுப் போயிற்று. எஞ்சிய தோட்டங்களுள் தலைமையானவை இலங்கையினுடையவை. அவற்றுள்ளும் கேகாலை மாவட்டம் றப்பருக்குப் பேர்போனது. விமானம், லொறி, படகு, நச்சுப்புகை முகமூடி எதற்கும் றப்பர் தேவை. ஆகவே மரங்களின் நலத்தைப் பாராது பால் எடுக்கும் முறை வந்தது. வழக்கமாக ஒரு நாள் வெட்டி மறுநாள் ஓய்வளிக்கும் மரத்தில் பல இடங்களிலே பட்டை சீவி, மரம் சாகினும் சாகுக என்று பால் வடித்தனர். ஆங்கிலத் துரைமார் இதற்குக் கொலைவெட்டு என்று பொருள்படும் பெயரையே இட்டனர். பெயரளவிலேனும் ஒளிவுமறைவு இல்லை!

மரத்திற்கு நேர்ந்ததைத் தோட்ட அறிக்கைகள் கூறும். மனிதர்க்கு நேர்ந்ததை யார் கூறுவது? பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, சிரட்டையிற் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் அவர்கள். பர்மா வீழ்ந்ததால் அந்நாட்டு அரிசி வரவு நின்றது. பங்கீட்டு அரிசியே கதியாயிற்று. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்திருந்தமையால் புதிய கைகளும் வரவில்லை. இருந்த கைகளே கூடுதலாய் உழைத்தன.

போர் 1945இல் முடிந்தது. அடுத்த ஆண்டே கேகாலை மாவட்டத்தில், தோட்டத்து மக்கள் உருளவள்ளி என்று வழங்கிய நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்திற்காக அரசு எடுத்துக்கொண்டது. அங்கிருந்த நூற்றுக்கணக்கான தொழிலாளரை வெளியேறச் சொல்லியது. அவர்கள் மறுத்தனர். 1946 ஜூனில் அயல் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிலமற்ற கிராமத்தவரின் நிலப்பசியும் பொய்யன்று. அதனையும் அக்கட்டுரை கூறவே வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டு றப்பர் விலை உயர்ந்தது. 1952இல் சீனாவுடன் றப்பருக்கு அரிசி பெறும் ஒப்பந்தம் ஏற்பட்டது. நாட்டுக்கே சோறிட்ட அந்த றப்பரை வெட்டியவர்களுட் பெரும்பாலோர் அப்போது எந்நாட்டுப் பிரசையும் அல்லர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. சென்றோரிற் சிலர் கேரளத்துப் புனலூரிலும் கருநாடகத்துச் சுள்ளியாவிலும் மீண்டும் றப்பர்த் தோட்டங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர்.

இவையனைத்தும் போர் வரலாற்றின் உறுப்புகளே. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிற் கேகாலை மாவட்டத்தின் பல பகுதிகள் கிளர்ச்சியாளர் கையிற் சில காலம் இருந்தன. அந்நாட்களில் லயங்களில் நிகழ்ந்தது என்ன? 1977இலும் 1981 ஆகஸ்டிலும் தாக்கப்பட்டு இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள், 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போரின் நடுவே அகப்பட்டுக்கொண்டனர். போருக்கு அஞ்சி ஓடியோர் உண்டு. இவர்கள் போர் வரவிருந்த இடத்துக்கே அடைக்கலம் தேடிச் சென்றவர்கள்.

இங்கே ஒரு தடை எதிர்ப்படுகிறது. இணையக் கலைக்களஞ்சியம் வெளியான ஆதாரத்தை வேண்டுகிறது. எழுதுபவரின் சொந்த ஆய்வையோ, பாட்டி சொன்ன கதையையோ நேரே ஏற்பதில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் வரலாறு வாய்மொழியிலேயே வாழ்கிறது. ஆதலால் இவ்விதியை எமக்காகத் தளர்த்துக என்று கேட்போர் உளர். அவர்தம் ஆதங்கம் நமக்கும் உண்டு. ஆயினும் அக்கோரிக்கையை நாம் ஆதரிக்கவில்லை. போரைப் பற்றிய கட்டுரையில் அவரவர் நினைவே ஆதாரம் என்றாகிவிட்டால், உரக்கப் பேசுவோன் எழுதுவதே நிலைக்கும். தோட்டத்து மக்கள் எந்நாளும் உரக்கப் பேசியவர்கள் அல்லர். இலங்கைப் போர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பிணக்கு முற்றியபோது, சிங்களரும் தமிழரும் பிறரும் கூடி இணக்கம் காண்பதற்கென ஒரு திட்டத்தை விக்கிப்பீடியாவில் அமைத்தனர். அங்கே அவர்கள் பற்றி நிற்க இருந்த பொதுநிலம் ஆதார விதியே.

ஆகவே முதலில் ஆதாரத்தை உண்டாக்க வேண்டும். வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து, எழுத்திற் பெயர்த்து, பாடசாலை மலரிலோ சிறுநூலிலோ அச்சேற்றுக. பின் மற்றையோர் அதனைச் சீர்தூக்கி மேற்கோளாகக் காட்டலாம். சொன்னவரின் இசைவு பெறுவது கட்டாயம். 1971, 1981 பற்றிப் பேசுவோரின் பெயரை அவர் விரும்பாவிடின் வெளியிடலாகாது. அச்சிட்டவற்றைப் பேணிவைக்க 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளம் உள்ளது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் அது எண்ணிமப்படுத்தியுள்ளது.

அச்சில் ஏற்கெனவே உள்ளவையும் குறைவல்ல. 1930இல் தோன்றிய வீரகேசரியின் போர்க்கால இதழ்கள், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் இருந்த கோ. நடேசையரின் உரைகள் அடங்கிய விவாத ஏடுகள், தொழில் ஆணையாளரின் ஆண்டறிக்கைகள் ஆகியன தேடுவாரை நோக்கிக் காத்திருக்கின்றன. சப்பிரகமுவத் தமிழாசிரியர்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்வதால் அவருட் பலர் சிங்களத்தைச் சரளமாகப் படிப்பர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து எழுதும் நம்மவர் பலருக்கு இல்லாத கருவி இது. நேவ்ஸ்மியரைப் பற்றியும் 1971ஐப் பற்றியும் இரு மொழி ஆதாரங்களையும் ஒப்பிட்டு எழுத அவராலேயே இயலும்.

செக்றோல் எனப்படும் பழைய வரவேடுகள் தோட்டத்து ஸ்டோர்களிலும் கந்தோர்களிலும் கறையானுக்கு இரையாகின்றன. நிர்வாகத்தின் அனுமதியோடு அவற்றைக் கைத்தொலைபேசியாலேயே படம் பிடிக்கலாம். பெலிஹுல்லோயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் இப்பணியிற் பாடசாலைகளுக்குத் துணைநிற்கலாம். கொலைவெட்டு, உருளவள்ளி, 1981இன் இடப்பெயர்வு என்னும் மூன்று தலைப்புகளோடு தொடங்கினாற் போதும். புனலூரிலும் சுள்ளியாவிலும் உள்ள உறவினரிடம் தொலைபேசியிற் கேட்டெழுதும் வேலையை மாணவரிடமே விட்டுவிடலாம். போர்க்காலத்திற் பத்து வயதுச் சிறுவராய்த் தாயின் பின்னே சிரட்டை துடைத்துச் சென்றவர்க்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. ஏப்ரல் விடுமுறைக்கு மேல் இதனைத் தள்ளிப்போடுவதற்கில்லை.