கதவு திறக்குமுன் வந்த வெளிச்சம்

எங்கள் பெரியம்மாவின் வீட்டுக் கூடத்தில் பெரியப்பாவின் படம் ஒன்று நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1968-ம் வருஷம் என் தகப்பனார் எடுத்த படம் அது. மீசையின் ஒவ்வொரு மயிரையும், அங்கவஸ்திரத்தின் கரையில் ஓடும் ஒவ்வொரு இழையையும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. அதன் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இப்போது வயது எண்பத்தாறு. பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, “தம்பி, உன் மகள் கைப்பேசியிலே என்னை நூறு படம் எடுத்துவிட்டாள். அதெல்லாம் எனக்கு வேண்டாம். உன் அப்பா வைத்திருந்தாரே, அந்தப் பெட்டியிலே, உங்கள் பெரியப்பாவின் படம் இருக்கிற அளவிலேயே ஒன்று எடுத்துக் கொடு. அந்த ஆணி எனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது” என்றாள். இப்படி ஒரு வேண்டுகோளைத் தட்டுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தப் பெட்டி என்பது மரச் சட்டமும் தோல் துருத்தியும் உள்ள பெரிய காமிரா. 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவுள்ள பிலிம் தகடு அதில் போகும். அந்தப் பிலிம் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. லென்ஸைச் சுற்றி ஸிங்க்ரோ-காம்பூர் என்ற ஜெர்மன் ஷட்டர் பொருத்தியிருக்கிறது. அதைத் துடைத்து, இயக்கிப் பார்த்து, புதிதாக வாங்கிய மின்னணு ஃப்ளாஷ் விளக்கைக் கம்பியால் இணைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா பட்டுப் புடைவை உடுத்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விளக்கு பளிச்சென்று மின்னியது. இரண்டு பிலிம்கள் எடுத்தேன். முதுகு வலி பொறுக்க முடியாமல் அவள் எழுந்துவிட்டாள்.

அன்றிரவு இருட்டறையில் பிலிம்களைக் கழுவினேன். இரண்டும் வெறும் கண்ணாடி போல இருந்தன! பெரியம்மாவின் நிழல்கூட அவற்றில் விழவில்லை. தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது அவள் சிரித்தாள். “நல்லதாய்ப் போயிற்று. உன் பெட்டிக்கு அகப்படாதவள் யமனுக்கும் அகப்படமாட்டேன்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் காமிராவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஷட்டரின் ஓரத்திலிருந்த சிறு நெம்பைச் சுட்டிக் காட்டினார். அங்கே ‘எம்’, ‘எக்ஸ்’ என்று இரண்டு எழுத்துக்கள் பொறித்திருந்தன. நெம்பு ‘எம்’மில் நின்றது. “வாத்தியார் ஐயா, இலை போடுமுன் பாயசத்தை ஊற்றிவிட்டீர்கள்!” என்றார்.

அவர் விளக்கியதையும், பின்பு நான் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே சொல்லுகிறேன். 1887-ல் ஜெர்மனியில் மீத்தே, காடிக்கே என்ற இருவர் மக்னீஸியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். அது புகையும் ஆபத்துமாக இருந்தது. 1930-ஐ ஒட்டி ஃப்ளாஷ் பல்ப் வந்தது. பிராணவாயு நிரம்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய உலோகத் தகடு எரியும். ஒரு பல்ப் ஒரு படத்தோடு சரி. மின்சாரம் பாய்ந்தவுடன் அது உச்ச வெளிச்சத்தை எட்டிவிடாது. பெரும்பாலும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போல அதற்குப் பிடிக்கும். ஆகையால், பல்ப்பை முதலில் பற்றவைத்துச் சற்றுப் பொறுத்துப் பிறகு இதழ்களைத் திறக்கும்படி ஷட்டரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதுதான் ‘எம்’.

மின்னணு ஃப்ளாஷின் சுபாவம் வேறு. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930-களில் இதை வளர்த்தார். சேமித்து வைத்த மின்சாரம் முழுவதும் வாயு அடைத்த குழாயின் வழியே ஒரேயடியாகப் பாய்கிறது. பெரும்பாலும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்குப் பொறுத்திருக்கும் வழக்கமே கிடையாது. ஆகவே, இதழ்கள் முழுவதும் விரிந்த பிறகே மின்சாரத் தொடர்பு ஏற்பட வேண்டும். அந்த ஏற்பாடு ‘எக்ஸ்’. என் தகப்பனார் பெரியப்பாவைப் படம் எடுத்தது பல்ப்பைக் கொண்டு. அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே நெம்பு இத்தனை வருஷம் நின்றிருந்திருக்கிறது. நானோ மின்னணு விளக்கை மாட்டினேன். வெளிச்சம் வந்து, கதவு சாத்தியிருக்கக் கண்டு திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு கதவு திறந்து என்ன பயன்?

இதில் ஓர் அருமையான உண்மை அடங்கியிருக்கிறது. 1851-ம் வருஷம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஃபாக்ஸ் டால்பட் என்பவர் ஒரு சோதனை செய்தார். ‘டைம்ஸ்’ பத்திரிகைத் தாளைச் சக்கரம் ஒன்றில் ஒட்டி வேகமாகச் சுழலவிட்டார். இருட்டிலே காமிராவைத் திறந்து வைத்து, லேடன் ஜாடிகளிலிருந்து ஒரு மின்பொறியைப் பாய்ச்சினார். சுழன்றுகொண்டிருந்த தாளின் எழுத்துக்கள் படத்தில் தெளிவாக விழுந்தன. அங்கே ஷட்டரின் வேலையைச் செய்தது வெளிச்சமே அல்லவா? ஆகையால், பழைய ஷட்டரில் எண்ணெய் இறுகி வேகம் குறைந்திருக்கிறதே என்று ஃப்ளாஷ் படம் எடுப்பவர் அதிகம் கலங்க வேண்டியதில்லை. வெளிச்சம் வரும் கணத்தில் கதவு முழுவதும் திறந்திருந்தால் போதும். ஆனால் அறையின் மற்ற வெளிச்சத்தை மட்டாக வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மெதுவான ஷட்டர் அதையும் உள்ளே விட்டு, உருவத்தைச் சுற்றி மங்கலான இரண்டாம் நிழல் படரும்.

மின்தொடர்பே இல்லாத மிகப் பழைய ஷட்டர்களுக்கும், ஷட்டரே இல்லாமல் மூடி மட்டும் உள்ள லென்ஸ்களுக்கும் டால்பட்டின் வழியே வழி. அறையை இருட்டாக்குங்கள், லென்ஸைத் திறந்து வையுங்கள், ஃப்ளாஷைக் கையால் அழுத்துங்கள், லென்ஸை மூடிவிடுங்கள். சிலை, பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களுக்கு வெளிச்சம் போதாவிட்டால் இரண்டு மூன்று தடவை மின்னச் செய்யலாம். மனிதர்களுக்கு அது உதவாது.

பெரியவர் எனக்குக் கற்பித்த சோதனைக்கு ஒரு பிலிம்கூடச் செலவில்லை. காமிராவின் பின்புறத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, லென்ஸின் துவாரத்தை முழு அளவில் வைத்து, ஃப்ளாஷை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். லென்ஸும் அந்தச் சுவரையே பார்க்கட்டும். பின்புறமிருந்து லென்ஸின் வழியே பார்த்துக்கொண்டு ஷட்டரை இயக்குங்கள். பூரண வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. நட்சத்திரம் போலக் குறைந்து தெரிந்தால் தொடர்பு முந்திவிடுகிறது என்று பொருள். ஒன்றுமே தெரியாவிட்டால், என்னைப்போல் நெம்பைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று பொருள்.

வெளிச்சக் கணக்கும் எளிதே. விளக்கின் வழிகாட்டி எண்ணை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் லென்ஸின் துவார எண் கிடைக்கும். எண் 40, தூரம் இரண்டரை மீட்டர் என்றால் 16. ஆனால் முகத்தை நெருங்கி எடுக்கத் துருத்தியை நீட்டினால் வெளிச்சம் குறையும். நீளம் லென்ஸின் குவிதூரத்தைப்போல் ஒன்றரை மடங்கானால் இரண்டேகால் மடங்கு வெளிச்சம் வேண்டும். மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய ஃப்ளாஷ் விளக்குகள் சிலவற்றின் இணைப்பில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அவற்றை இக்கால டிஜிட்டல் காமிராவில் மாட்டினால் காமிரா கெட்டுப்போகலாம். எந்த ஃப்ளாஷையும் வீட்டில் பிரித்துப் பார்க்கவே கூடாது. அணைத்த பிறகும் அதனுள் உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.

பங்குனியில் மறுபடியும் ஊருக்குப் போனேன். பெரியம்மா சற்று இளைத்திருந்தாள். முதலில் சுவரைப் பார்த்துச் சோதனை செய்து, பூரண வட்டத்தைக் கண்ணால் கண்ட பிறகே அவளை உட்காரச் சொன்னேன். அன்று ஒரே ஒரு பிலிம்தான் எடுக்க முடிந்தது. அது போதுமானதாக இருந்தது.

படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா அதைக் கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்தாள். சுருக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. “அவர் சின்னப் பிள்ளையாய் இருக்கிறார், நான் கிழவியாய்ப் போய்ப் பக்கத்தில் நிற்கப் போகிறேனே!” என்றாள். பிறகு, “பரவாயில்லை, மாட்டு” என்றாள்.

நேயர்களின் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பழைய பெட்டி இருக்கலாம். கூடத்துச் சுவரில் ஓர் ஆணியும் காத்திருக்கலாம். பெட்டியை இறக்கித் துடையுங்கள். ஆனால் பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைக்குமுன் அந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்துவிடுங்கள். பிலிம் வீணானால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். எண்பத்தாறு வயதில் ஒருவர் நிமிர்ந்து உட்காரும் கால் மணி நேரம் எந்தக் கடையிலும் விலைக்கு வராது.