பழைய காரும் படிக்கிற கையும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவர் ஒருவர்)

எதையும் ‘பழையது’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும்; அதைத் தூக்கி எறிய நமக்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை. மேசையானாலும், மோட்டாரானாலும், மனிதரே ஆனாலும் இதுதான் இன்றைய நடைமுறை. இது சரிதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கேட்பதற்கு உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் வினவலாம். ஒரு பழைய காரின் உட்புறத்தை ஓராண்டுக் காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீர் செய்திருக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

வண்டி 1972ஆம் ஆண்டு அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. மந்திரி முதல் மணமகன் வரை ஏறிச் சென்ற வண்டி இன்று காயலான் கடையில் எடை போடப்படுகிறது.

என் தந்தையார் ஒரு மருத்துவரிடம் இருபது ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். 2009இல் மருத்துவர் ஊரை விட்டுப் போகும்போது இந்த வண்டியை அப்பாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எஞ்சினை அப்பா கண்ணைப் போலப் பார்த்துக் கொண்டார். ஆனால் உட்புறம்? கதவுகளின் உள்பக்க அட்டைகள் ஊறி உப்பி நின்றன. ரெக்சின் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பின் இருக்கை மட்டும் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஓட்டுநர் உட்காரும் இடமோ குழி விழுந்து, நார் வெளியே தள்ளிக் கொண்டிருந்தது. யார் எங்கே எத்தனை நேரம் உட்கார்ந்தார்கள் என்பதற்கு அந்த இருக்கைகளே சாட்சி சொல்லின. வரலாறு படிப்பவனுக்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டுமா?

சீட்டு தைக்கும் கடையில் பதினெட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். காயலான் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து விலை பேசினார். அப்பா அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. “விற்க வேண்டாம்ப்பா, நானே செய்து பார்க்கிறேன்” என்றேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன், கோபித்துக் கொண்டார். “படிக்கிற பையன் கையில பசையும் நாருமா வாசல்ல உட்கார்ந்திருந்தா நாலு பேரு என்னடா சொல்லுவாங்க? இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?” என்றார்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் கரு. முதலில் வேலையைச் சொல்லி விடுகிறேன்.

என் முதல் தவறு, அழுக்கைப் போக்க ரெக்சினைத் தின்னரால் துடைத்தது. அழுக்கோடு நிறமும் துணியில் வந்துவிட்டது. ரெக்சின் என்பது துணியின் மேல் ஒரு பூச்சு. அந்தப் பூச்சை வளைந்து கொடுக்கச் செய்யும் எண்ணெய்ப் பசை வெயிலிலும் சூட்டிலும் நாளடைவில் வெளியேறி விடுவதால்தான் அது விறைத்து வெடிக்கிறது. தின்னரும் பெட்ரோலும் பல ஆண்டுச் சேதத்தை ஒரே நாளில் செய்து விடுகின்றன. இளஞ்சூடான சோப்பு நீரும், மெல்லிய பிரஷ்ஷும், ஈரத்தை ஒற்றி எடுக்கப் பழைய வேட்டித் துணியும் போதும்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. ஊறிப்போன கதவு அட்டையைக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புது ஹார்டுபோர்டில் கோடு போட்டு அறுத்து, துளைகளையும் அதே இடங்களில் இட்டு, ரெக்சின் ஒட்டி மாட்டினேன். பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். ஐப்பசி மழை வந்தது. இரண்டே வாரத்தில் அட்டையின் அடிப்பக்கம் மீண்டும் உப்பிவிட்டது! அப்போதுதான் கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென்று அங்கே சிறு துளைகள் உண்டு. அவை சேறும் துருவுமாக அடைத்துக் கிடந்தன. உள்ளே தேங்கிய நீரைத்தான் அட்டை குடித்திருக்கிறது. ஒரு கம்பியால் துளைகளைக் குத்திவிட்டதும் கலங்கல் நீர் கால் மணி நேரம் வடிந்தது. பிறகு புது அட்டையின் பின்புறத்துக்கு இரண்டு கை வார்னிஷ் பூசி, அட்டைக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மாட்டினேன். அடுத்த மழையில் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவும் வழக்கம் கார் கதவோடு நிற்கிறதா என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விடுகிறேன்.

இருக்கையைப் பிரித்தபோது அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேசவில்லை, ஆனால் உட்கார்ந்தார். மேலே ரெக்சின், அதன் கீழே தென்னை நார், அதன் கீழே சாக்கு, அடியில் ஸ்பிரிங். சாக்கு கிழிந்ததால் நார் ஸ்பிரிங்குக்குள் இறங்கி, இருக்கை குழிந்திருந்தது. புதுச் சாக்கை இழுத்துக் கட்டி, நாரை உதறிக் காய வைத்து, குறைந்த இடத்துக்குப் புது நார் சேர்த்து நிரப்பினேன். பழைய உறையின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி, அவற்றையே மாதிரியாக வைத்துப் புது ரெக்சினை வெட்டினேன். மடித்துத் தைக்க ஓரத்தில் இடம் விட வேண்டும்; விறைப்பான ரெக்சினைச் சற்று நேரம் வெயிலில் காட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும். பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்துத்தான் அழுத்த வேண்டும். கதவைச் சாத்திக் கொண்டு பசை வேலை செய்யக் கூடாது. அதன் நெடி தலையைச் சுற்ற வைக்கும்.

அம்மாவின் தையல் இயந்திரம் இரண்டு மடிப்பு ரெக்சினைத் தாங்கியது. நான்கு மடிப்பு வந்ததும் ஊசி ஒடிந்தது. வெட்டிய துண்டுகளை அதே சீட்டுக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு வெட்டினது?” என்று கேட்டார். தையல் கூலி மட்டும் வாங்கிக் கொண்டார். கடைக்காரரின் பிழைப்பில் மண் போடும் வேலை இது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தத் தையலின் அருமை, ஊசியை ஒடித்துக் கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்ட கூலியில் நான் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை. சாமான், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் வேலை முடிந்தது.

பழைய வண்டி என்றால் எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. புகை கக்கும் வண்டியும், பிரேக் பிடிக்காத வண்டியும் சாலையை விட்டுப் போகத்தான் வேண்டும். மறுபுறம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட இயலாது. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் எங்களுக்கு அது ஒத்து வரவில்லை. காட்சிக்கு நிற்கும் பெருமையைவிட ஓடுகிற உழைப்பே போதும் என்று இருந்துவிட்டோம்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கல்லூரிக்கு அனுப்பியது இதற்கா? ஆம், இதற்கும்தான் என்பது என் கருத்து. படித்தவன் கை அழுக்காகக் கூடாது என்ற எண்ணத்தை நமக்கு ஊட்டியது யார்? கை அழுக்காக உழைத்த நம் பெற்றோர்தாம்! தாம் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்ற பாசத்தில் பிறந்த எண்ணம் அது. அதை நான் இகழ மாட்டேன். ஆனால் அந்தப் பாசத்தின் மறுபக்கம், அவர்கள் செய்த தொழிலை நாம் கேவலமாக நினைக்கக் கற்றுக் கொள்வது. வாயிலே பட்டம், கையிலே வெறுமை என்ற நிலைக்கு நம்மைக் கொண்டு போவதும் அதுதான்.

வேலை முடியும் தறுவாயில் ஒன்று நடந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் விளிம்பில், அப்பா முழங்கையை ஊன்றி ஊன்றி நிறம் தேய்ந்த இடம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. அதற்கும் புது ரெக்சின் வெட்டி வைத்திருந்தேன். “அதை மட்டும் விட்டுடுடா” என்றார் அப்பா. விட்டுவிட்டேன். கிழிந்ததைத் தைக்க வேண்டும். தேய்ந்ததை எல்லாம் மாற்ற வேண்டியதில்லை என்று அன்று தெரிந்து கொண்டேன். இப்போது வண்டியை நான் ஓட்டுகிறேன். “பின்னால உட்காருங்கப்பா” என்றால் கேட்க மாட்டார். முன்னால், என் பக்கத்தில்தான் உட்காருவார். அந்த வழியே போகிறவர்களிடம், “உள்வேலை எல்லாம் பையன் செஞ்சது” என்று அவராகவே சொல்கிறார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் காரோ, சைக்கிளோ, நாற்காலியோ, தையல் இயந்திரமோ ஒன்று மூலையில் கிடக்கும். வரும் விடுமுறையில் அதைப் பிரித்துப் பாருங்கள். கெட்டுப் போனால் என்ன செய்வது என்று அஞ்ச வேண்டாம். அது ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கிறது. நம் கல்லூரியிலும் உடைந்த பெஞ்சுகள் ஓர் அறை நிறைய அடுக்கிக் கிடக்கின்றன. நிர்வாகம் அந்த அறையின் சாவியையும் ஒரு பெட்டி ஆணியையும் வாரம் ஒரு மாலை எங்களிடம் தந்தால் போதும். அடுத்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்கள் நின்று கொண்டு பாடம் கேட்க வேண்டியிருக்காது.