அந்தப் படங்களை ஏன் அச்சிடவில்லை?

அன்பு வாசகர்களே,

கோடை விடுமுறை முடிந்ததும் நீங்கள் அனுப்பும் பயணப் படங்களில் புள்ளிமான்கள் தவறாமல் இருக்கும். இந்த முறையும் மசினகுடி, தெப்பக்காடு சாலையோரப் படங்கள் நிறைய வந்தன. சிலவற்றில் கார் ஜன்னல் வழியே ஒரு கை பிஸ்கெட் நீட்டுகிறது, எதிரே மான். பிரியத்தோடு நீட்டிய கைதான், சந்தேகமில்லை. ஆனாலும் அவற்றை அச்சிட மனம் வரவில்லை.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் இருக்கிறது. கீழ்ப்பற்களை அதில் அழுத்தி, புல்லை வெடுக்கென்று இழுத்து, சரியாக மெல்லாமலே விழுங்கும். வெட்டவெளியில் தலைகுனிந்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து என்பதால் அவ்வளவு அவசரம். பிறகு மறைவான நிழலில் படுத்து, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். அதன் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிரிகள்தாம் நார் நிறைந்த புல்லைச் செரிமானத்துக்குப் பக்குவப்படுத்துகின்றன. அங்கே மாவும் சர்க்கரையும் மொத்தமாகப் போய் விழுந்தால் அமிலம் ஏறிவிடும், அந்த நுண்ணுயிரிகள் மடியும். மானே இறந்துபோவதும் உண்டு. உறையோடு விழுங்கினால் இன்னும் கொடுமை: பிளாஸ்டிக் அந்த அறையிலேயே தங்கி, தீனிக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மானின் பயம் போய்விடுவது. பயத்தை நம்பித்தான் அது பிழைத்திருக்கிறது. நம் கண்ணைப் பறிக்கும் புலியின் செம்மஞ்சள் நிறம், மானின் கண்ணுக்குச் செடியோடு செடியாகத்தான் தெரியும். சிவப்பைப் பச்சையிலிருந்து பிரித்தறிய அதனால் முடியாது. அசையாமல் பதுங்கிய புலியைக் கண்டுபிடிக்கக் காதும் மூக்கும் வேண்டும், கூட்டாளிகளும் வேண்டும். மரத்தில் மேயும் மந்திகள் சிந்தும் இலையையும் காயையும் தின்று மான்கள் கீழே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து சிறுத்தையைக் கண்டு மந்தி குரல் கொடுத்தால் கீழே கூட்டமே சிதறி ஓடும். மானின் எச்சரிக்கைக் குரலுக்கு மந்தியும் செவிசாய்க்கும்.

ஒரு வேண்டுகோள். புல்லுக்குள் மான்குட்டி தனியே சுருண்டு கிடந்தால், அநாதை என்று தூக்கிவிடாதீர்கள். பிறந்த புதிதில் தாய் அதை அப்படி ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போகும். புள்ளிகள் அதை வெயிலும் நிழலுமாகக் கிடக்கும் தரையோடு மறைத்துவிடும். விலகிச் சென்றால் போதும், தாய் வந்துவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தொலைவிலிருந்து எடுத்த படங்களை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இடத்தையும் மாதத்தையும் மறக்காமல் குறியுங்கள். புள்ளிமான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. முற்றிய கொம்போடு ஒன்றும், மெல்லிய ரோமத்தோல் போர்த்த இளங்கொம்போடு இன்னொன்றும் ஒரே கூட்டத்தில் நிற்கும். இரண்டும் ஒரே படத்தில் சிக்கினால் அதற்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்